எழுத்து வெட்டும் யந்திரங்கள்: நம் வாலிபர்களுக்கு ஒரு தொழிற் பாடம்

ஈப்போ நகரில் லஹாட் சாலைப் பக்கம் நடந்து போகும் எவரும் சற்றுத் தலை நிமிர்ந்து கடைப் பலகைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். தூரிகை கொண்டு சாயம் தீட்டி எழுதிய பலகை இன்று மிக அரிது. கண்ணாடிக் கதவில் இருப்பது வினைல் தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. வாசலுக்கு மேலே நிற்பது அக்ரிலிக் பலகையில் வெட்டி எடுத்த எழுத்து. இரண்டையும் வெட்டுவது கம்ப்யூட்டர் சொற்படி நடக்கும் யந்திரம்.

மளிகை, துணி, புத்தகம், சாப்பாட்டுக் கடை என்று நம்மவர் எந்த வியாபாரம் செய்தாலும் இந்த எழுத்து வேண்டியிருக்கிறது. அதற்காகப் பிறர் பட்டறைக்குப் போகிறோம். கேட்ட கூலியைக் கொடுக்கிறோம். தமிழறியாதார் வெட்டித் தரும் எழுத்தில் புள்ளி விழுந்திருந்தாலும் அப்படியே மாட்டிக்கொள்கிறோம். இன்னொரு புறம், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு என்ன தொழில் கற்பது என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. ரப்பர்த் தோட்டங்களாக இருந்த இடங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் தாமான்களாகவும் மாறிய பின், சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர் பக்கத்துக் குடும்பங்களுக்கும் இதே கவலைதான்.

எனவே இவ்யந்திரங்கள் வேலை செய்யும் விதத்தையும், அவற்றைக் கற்கும் முறையையும், எதில் எச்சரிக்கை வேண்டும் என்பதையும் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். யந்திரத்தை முதலில் வாங்கிப் பிறகு கற்கலாம் என்பது நஷ்டத்துக்கு வழி. கற்ற பிறகு வாங்குவதே வியாபாரிக்கு அழகு. கற்காமல் வாங்கிய யந்திரம் சில நாளில் துணி போர்த்திக் கடையின் பின்கட்டில் நிற்கும். போட்ட முதலும் அதனோடு நிற்கும்.

இத்தொழில் பிறந்த வரலாறு

வினைலில் எழுத்து வெட்டும் யந்திரத்தை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜோசப் கெர்பர். 1924-ல் வியன்னாவில் பிறந்த இவர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவருடைய கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் பலகை எழுத்து வெட்டும் யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் ஜப்பானிய ரோலண்டு கம்பெனி முதலியவை சிறிய பட்டறைகளுக்கு ஏற்ற யந்திரங்களைச் செய்தன.

லேசர் என்னும் ஒளிக்கதிரை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த தியோடர் மைமன், ஆண்டு 1960. ஆனால் இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் அக்ரிலிக்கையும் பலகையையும் வெட்டுவது கரியமில வாயு லேசர். அதை 1964-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். இவர் 1938-ல் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். இந்திய மண்ணில் பிறந்த ஒருவர் கண்ட கதிர்தான் இன்று நம் கடைப் பெயரை வெட்டுகிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

இவ்யந்திரங்களைச் சாதாரண மக்களுக்கும் கற்பிக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்டு 1998-ல் இவ்வகைக் கருவிகளைக் கொண்டு ஒரு பாடம் தொடங்கினார். அதிலிருந்து ‘ஃபேப் லேப்’ என்னும் பொதுப் பட்டறைகள் தோன்றின. அமெரிக்காவுக்கு வெளியே ஏற்பட்ட முதற் பட்டறைகளில் ஒன்று, 2002-ல் பூனாவுக்கு அருகிலுள்ள பாபல் கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமத்தில் அமைந்தது. அந்த ஆசிரமமோ, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் வழியாகக் கல்வி தருவதற்கென்று 1983-ல் கல்பாக் என்னும் அறிஞர் நிறுவியது. கிராமத்துப் பிள்ளைகள் கற்க முடிந்ததைப் பேராக் பிள்ளைகள் கற்க முடியாதென்று சொல்ல முடியுமா?

முதற் பாடம்: படம்

யந்திரத்துக்குக் கண் கிடையாது. நாம் கொடுக்கும் கோட்டின் மேல் அது நடக்கும்; அவ்வளவுதான். ஆதலால் பாடம் யந்திரத்தில் அல்ல, படத்தில் தொடங்குகிறது.

கம்ப்யூட்டர்ப் படங்கள் இரு வகை. போட்டோவைப் போலப் புள்ளிகளால் ஆனது ஒரு வகை. கோடுகளால் ஆனது மற்றொரு வகை. வெட்டுவதற்கு உதவுவது கோட்டுப் படமே. வாடிக்கைக்காரர் கைப்பேசியில் அனுப்பும் சின்னம் பெரும்பாலும் புள்ளிப் படமாகவே இருக்கும். அதை மேலே வைத்துக் கோடுகளாகத் திரும்ப வரைய வேண்டும். இதற்கு ‘இங்க்ஸ்கேப்’ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. யந்திரம் வாங்காமலே, வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டரில், ஒரு காசு செலவின்றி இந்தப் பாடத்தை இரண்டு மூன்று மாதம் பழகலாம். இந்தப் பழக்கத்தில் பொறுமை காட்டாத பிள்ளைக்கு யந்திரம் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை.

எழுத்தைத் தட்டி முடித்தவுடன் அதைக் கோடாக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கும்போது அந்த எழுத்துரு அங்கே இல்லாமல் தமிழ் கட்டம் கட்டமாகச் சிதறிப்போகும்.

இரண்டாம் பாடம்: வினைல் கத்தி

வினைல் யந்திரத்தில் தாள்ச் சுருள் முன்னும் பின்னும் ஓடும். சிறு கத்தி இடமும் வலமும் ஓடும். தாள் இரண்டு அடுக்கு கொண்டது. மேலே பசையுள்ள வினைல். கீழே சிலிகோன் பூசிய காகிதம். வினைலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கத்தி மேலுள்ள வினைலை முழுதும் அறுக்க வேண்டும். கீழுள்ள காகிதத்தை அறுக்கக் கூடாது.

பேராக்காரர்களுக்கு இதை விளக்க உவமை தேடிப் போக வேண்டியதில்லை. 1877-ல் ரப்பர் நாற்றுகளை நட்ட இடங்களில் ஒன்று நம் கோலகங்சார். பின்னர் 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி துரை, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் காட்டினார். பட்டையை மட்டும் சீவி, உள்ளே மரத்தை ஒட்டிய வளர்தோலைத் தொடாமல் விடுவதே அம்முறை. ஆழம் குறைந்தால் பால் வராது. மிஞ்சினால் மரம் காயப்படும். நம் தோட்டங்களில் பால் மரம் சீவிய தாய்மார்கள் அந்த ஆழத்தைக் கையுணர்வால் அறிந்திருந்தார்கள். வினைல் கத்தியின் ஞானமும் அதுவே.

யந்திரத்தில் கத்தி நீளத்தையும் அழுத்தத்தையும் வைத்துக்கொண்டு, முதலில் ஓர் ஓரத்தில் சிறு சதுரம் வெட்டிப் பார்க்க வேண்டும். நகத்தால் உரித்தால் சதுரம் சுத்தமாக வர வேண்டும். காகிதத்தில் இலேசான கீறல் மட்டுமே தெரிய வேண்டும். மூலைகள் ஒன்று சேராவிட்டால் கத்தி முனை விலகல் அளவு தவறு. பெரும்பாலான கத்திகளுக்கு இது 0.25 மில்லிமீட்டர். மூலை கிழிந்து எழும்பினால் வேகம் அதிகம், அல்லது கத்தி மழுங்கியது. சாதாரணத் தாளுக்கு 45 பாகைக் கத்தி போதும். கனத்த தாளுக்கும் நுணுக்கமான வேலைக்கும் 60 பாகைக் கத்தி வேண்டும். தாள் மாறும் ஒவ்வொரு முறையும் இந்தச் சதுரத்தை வெட்டிப் பார்க்காமல் வேலை தொடங்கலாகாது.

வெட்டிய பின் வேண்டாத வினைலை உரித்து எடுக்க வேண்டும். பிறகு ஒட்டும் டேப்பை மேலே வைத்துத் தேய்த்து, எழுத்துகளை ஒரே வரிசையாகத் தூக்கிக் கண்ணாடியில் பதிக்க வேண்டும். கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டி வெளியிலிருந்து படிக்க வேண்டிய எழுத்தையும், பனியனில் சூடுகாட்டி ஒட்டும் எழுத்தையும் இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். இதை மறந்தால் தாள் முழுதும் வீண்.

நம் எழுத்துக்குரிய தனி நுணுக்கம்

இங்கேதான் தமிழறிந்த பிள்ளைக்குப் பிறரிடமில்லாத ஆதாயம் இருக்கிறது. ரோமன் எழுத்து வெட்டிப் பழகியவருக்குத் தமிழ்ப் புள்ளி ஒரு தூசு போலத் தோன்றும். மிச்சத்தை உரிக்கும்போது அதையும் சேர்த்து உரித்துவிடுவார். ‘மளிகைப் பொருட்கள்’ என்று எழுதினால் மூன்று புள்ளிகள். மூன்றும் போனால் அது படிக்கத்தக்க தமிழ் அல்ல. எனவே உரிக்குமுன் படத்தைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணித் தாளில் குறித்துக்கொள்வதும், ஒட்டிய பின் திரும்ப எண்ணுவதும் வழக்கமாக வேண்டும். சிறிய எழுத்தாக இருந்தால் புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி வரைவது நல்லது.

அரபு, ஜாவி எழுத்துகளில் எச்சரிக்கை இன்னும் அதிகம். பே, தே, ஸே மூன்றும் புள்ளியினால் மட்டுமே வேறுபடுகின்றன. ஒரு புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும். மேலும் அவ்வெழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வருபவை. சில எழுத்துருக்களில் சேரும் இடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றின் மேலொன்று விழுந்திருக்கும். அப்படியே வெட்டினால் கத்தி ஒவ்வொரு இணைப்பையும் குறுக்கே அறுத்துவிடும். வெட்டுமுன் எல்லா எழுத்தையும் ஒரே உருவமாக இணைக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். திருவசனங்களை வெட்டும்போது, படம் சரியா என்று அறிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டிய பின்னரே வெட்டுவதும், வெட்டில் கெட்டுப்போன துண்டுகளைத் தரையில் விடாமல் தனியே எடுத்து வைப்பதும் நம் கடமை.

சாயம் தெளிக்கும் அச்சுத் தகடு வெட்டுவோர் இன்னொன்றை அறிய வேண்டும். க, ச, த போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு வெட்டியதும் கழன்று விழும். அதைத் தகட்டோடு பிடித்து வைக்கச் சிறு பாலம் வரைய வேண்டும்.

மூன்றாம் பாடம்: லேசர்

லேசர் யந்திரத்தில் கத்தி இல்லை. கண்ணாடிக் குழாயில் பிறக்கும் கதிர், மூன்று ஆடிகளில் பட்டுத் திரும்பி, ஒரு வில்லை வழியாகக் குவிந்து, பொருளைச் சுட்டு ஆவியாக்கி வெட்டுகிறது. இக்கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைச் சுடும். யந்திரத்தின் மூடி திறந்தால் கதிர் தானே நிற்கும்படி ஓர் அமைப்பு உண்டு. வேலை சுலபமாகட்டும் என்று அதை முடக்கி வைப்பவர் தம் கண்ணையும் பிள்ளையின் கண்ணையும் பணயம் வைக்கிறார். குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் பாய்கிறது. பின்பக்கத்தைக் கற்றவர் மட்டுமே திறக்கலாம்.

குழாயைத் தண்ணீர் குளிர்விக்கிறது. ஈப்போ வெயிலில் வாளித் தண்ணீர் விரைவில் சூடாகிவிடும். சூடான தண்ணீரில் ஓடும் குழாயின் ஆயுள் குறையும். ஆதலால் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியின் செலவையும் சேர்த்தே யந்திரத்தின் விலையைக் கணக்கிட வேண்டும். அளவுக்கு மிஞ்சிக் குளிர வைத்தாலும் நம் ஈரக் காற்றில் குழாயின் மேல் நீர் வியர்த்துக் கெடுதல் செய்யும்.

அக்ரிலிக், ஒட்டுப்பலகை, அட்டை, பருத்தித் துணி ஆகியவற்றை லேசர் நன்றாக வெட்டும். அக்ரிலிக்கிலும் இரு வகை உண்டு. வார்த்துச் செய்தது செதுக்கினால் வெண்மையாகத் தெளிவாக வரும். அழுத்தி நீட்டிச் செய்தது விலை குறைவு. வெட்டுக்கு நல்லது, செதுக்கலுக்கு அத்தனை எடுப்பாக இராது.

ஒருபோதும் செய்யலாகாதது

இக்கட்டுரையில் மற்றவை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வினைல் தாளை லேசரில் வெட்டக் கூடாது. இரண்டு யந்திரமும் ஒரே பட்டறையில் இருக்கும்போது, கத்தி மழுங்கிவிட்டது, லேசரில் போட்டு வெட்டிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் வரும். வினைல் என்பது பி.வி.சி.; அதில் குளோரின் இருக்கிறது. கதிர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயு எழும்பும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மூச்சில் போனால் நுரையீரலைப் புண்ணாக்கும். யந்திரத்தின் இரும்பையும் ஆடிகளையும் அரிக்கும். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலிலும் நச்சுப் புகை உண்டு. பாலிகார்பனேட் கருகிப் புகை கக்குமே அன்றி நன்றாக வெட்டுப்படாது.

பெயர் தெரியாத பிளாஸ்டிக் கைக்கு வந்தால் ஒரு பழைய சோதனை இருக்கிறது. செம்புக் கம்பியைக் குறட்டில் பிடித்துத் தீயில் நன்றாகச் சுட்டு, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடியும் தீயில் காட்ட வேண்டும். சுடர் பச்சை நிறமானால் அதில் குளோரின் இருப்பதாகக் கொண்டு ஒதுக்கிவிட வேண்டும். காற்றோட்டமான வெளியிடத்தில், சிறு துண்டில் மட்டுமே இதைச் செய்யலாம்.

தீ இன்னொரு அபாயம். அக்ரிலிக் பற்றிக்கொண்டால் விரைவாக எரியும். நம் கடைவீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. மாடியில் மரத்தளமுள்ளவை அநேகம். ஒரு கடையில் பிடித்த தீ ஒரு வரிசைக்குப் பரவும். எனவே லேசர் ஓடும்போது தொழுகைக்கோ, தேநீருக்கோ, வாடிக்கைக்காரரைக் கவனிக்கவோ ஒரு நிமிடமும் அதை விட்டுப் போகக் கூடாது. போவதானால் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். புகைக்குழாயின் வாய் அண்டை வீட்டு முற்றத்தை நோக்கியிருந்தால் அது அயலாருக்குச் செய்யும் தீங்கு.

நான்காம் பாடம்: அளவு

கதிர் வெட்டும்போது சிறிது பொருள் ஆவியாகிப் போகிறது. இந்த வெட்டு அகலம் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை. பார்வைக்கு அற்பம், பொருத்தும் வேலையில் பெரிது. மூன்று மில்லிமீட்டர் பலகை நுழைய மூன்று மில்லிமீட்டர் துளை வரைந்தால், வெட்டு அகலம் 0.2 ஆனால் துளை 3.2 ஆகிவிடும், பலகை ஆடும். 2.8 என்று வரைந்தால் சரியாக இருக்கும். மேலும் கடையில் மூன்று என்று விற்கும் தகடு உண்மையில் சற்று மெலிந்திருக்கலாம். ஆகவே வெர்னியர் காலிப்பரால் அளந்த பிறகே வரைய வேண்டும். ஒரு துண்டில் 2.6 முதல் 3.0 வரை ஐந்து துளைகள் வெட்டி, எது பொருந்துகிறதென்று பார்த்து, அந்தத் துண்டைச் சுவரில் மாட்டி வைப்பது நல்ல பழக்கம். நம் முன்னோர் கடையில் பேரேடு வைத்தது போல, எந்தப் பொருளுக்கு எவ்வளவு சக்தி, எவ்வளவு வேகம் என்று ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். அந்த நோட்டே பட்டறையின் சொத்து.

அக்ரிலிக்கிலிருந்து எழுத்துகளை எடுத்த பின் மிஞ்சும் தகட்டை எறிந்துவிட வேண்டாம். அதைச் சுவரில் வைத்து, எழுத்துகளை அவ்வவற்றின் துளையில் பொருத்தி ஒட்டினால் புள்ளிகள் முதற்கொண்டு யாவும் இடம் பிசகாமல் அமையும்.

கூலிக் கணக்கு

தொழிலறிந்தும் கணக்கறியாமல் கெடுவோர் உண்டு. உதாரணமாக, ஒரு கண்ணாடிக் கதவுக்கு வினைலும் டேப்பும் சேர்ந்து 18 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். படம் வரைய ஒரு மணி, வெட்டி உரிக்க ஒரு மணி, போய் ஒட்டிவர இரண்டு மணி. ஆக நான்கு மணி. மணிக்கு 15 ரிங்கிட் வீதம் 60. பெட்ரோல், மின்சாரம், கத்தித் தேய்மானம் 12. மொத்தம் 90. தாள் 18 ரிங்கிட்தானே என்று 40-க்கு ஒப்புக்கொண்டால் 50 ரிங்கிட் கைநஷ்டம். உழைப்பையும் நேரத்தையும் முதலாகக் கணக்கில் எழுதாத தொழில் நிலைக்காது.

பலகைக்கு நகராட்சி லைசென்சு வேண்டும் என்பதையும், அதில் தேசிய மொழி தெளிவாகவும் முதன்மையாகவும் இருக்க வேண்டும் என்பதையும் வெட்டுபவரே வாடிக்கைக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மாட்டிய பலகையைக் கழற்ற நேர்ந்தால் இருவருக்கும் நஷ்டம்.

எங்கே கற்பது?

ஈப்போவிலுள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969-ல் தோன்றிய, நாட்டின் முதல் பாலிடெக்னிக். 2001 முதல் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள் கோலகங்சார்ப் பக்கத்துச் செண்டெரோவிலும் தெலுக் இந்தானிலும் இருக்கின்றன. பொதுமக்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி தருவது அவற்றின் பணிகளில் ஒன்று. படம் வரைதல், வினைல், லேசர் பயிற்சி எப்போது நடைபெறும் என்று பெற்றோர் நேரில் விசாரித்தறியலாம். சட்டத்தின் கீழ் வரும் தொழில்களில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள், எச்.ஆர்.டி. கார்ப் நிதிக்கு மாதந்தோறும் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று வீதம் செலுத்துகிறார்கள். அந்நிதியிலிருந்து தம் ஊழியரின் பயிற்சிச் செலவைக் கேட்டுப் பெற வழி உண்டு. கட்டிய பணத்தைப் பயன்படுத்தாமல் விடுவது வியாபாரியின் இலட்சணம் அல்ல.

எல்லாவற்றிலும் மேலாக, நம் கடைக்காரச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கடைக்கு ஒரு யந்திரம் என்று ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. நாலைந்து பேர் கூடி, முதலில் ஒரு வாலிபனைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அவன் தேறி வந்த பின் ஒரு வினைல் யந்திரம் வாங்கி வையுங்கள். ஓராண்டு அதில் கணக்கு சரியாக வந்தால் லேசரைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் கடைப் பலகைகளையே அவனுக்கு முதல் வேலையாகக் கொடுங்கள். கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். வேலையில் குறை இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். பிள்ளை தொழில் கற்க இரண்டும் வேண்டும்.